தந்தையர் மொழியைப் பேணுதல்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மறைந்த முன்னோரை நினைவுகூர்தல் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அதனைச் சிரமேற்கொண்டு உங்கள்முன் நிற்கிறேன். பொதுவாகப் பேசிச் செல்வதினும் இருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசுதல் நலமென எண்ணுகிறேன். ஒருவர், தமிழகம் முழுதும் அறிந்த வானொலிப் பேச்சாளர் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்கள். மற்றொருவர், இந்நகரியத்தில் வாழ்ந்து மறைந்த படைவீரராகிய என் தந்தையார்.

நம் முன்னோர் போரில் வீழ்ந்த வீரனை மறந்தாரல்லர். அவனுக்கெனக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நாட்டி, வழிபட்டு வாழ்த்தினர். இம்மரபினைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள், பெயர் மறைந்திருக்க வேண்டிய எத்தனையோ எளிய மக்களின் பெயரை இன்றளவும் நமக்குச் சொல்லுகின்றன. ஆயின், போர்க்களத்தினின்று உயிருடன் மீண்டு, மனைவி மக்களைக் காத்து, முதுமையெய்தி மறைபவனுக்குக் கல் உண்டோ? காற்றிலே கலந்துபோகும் குரலுக்குத்தான் கல் உண்டோ? இல்லை. அவர்களுக்கு ஏடே நடுகல். இதுவே யான் இன்று வற்புறுத்த விரும்புவது.

தென்கச்சியார் நமக்கு அயலார் அல்லர். கொள்ளிடத்தை அடுத்த தென்கச்சிப்பெருமாள்நத்தம் என்னும் சிற்றூர், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அதுவே அவர்தம் ஊர். வேளாண்மைக் கல்வி கற்றுப் பட்டம் பெற்றவர்; சிலகாலம் அரசுப்பணி செய்து, பின் ஊர் திரும்பி ஏர்பிடித்து உழுதவர். 1977இல் திருநெல்வேலி வானொலி நிலையத்திற் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை நிலையத்திற்கு மாறினார். 1988இல் தொடங்கிய ‘இன்று ஒரு தகவல்’ என்னும் காலைப் பேச்சு, அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சில நிமிடங்களே பேசுவார். குரலை உயர்த்தமாட்டார், தாம் சிரிக்கமாட்டார், கேட்போரைச் சிரிக்கவைத்து, அச்சிரிப்பின் நடுவே ஒரு கருத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். வயற்காட்டிலும் திண்ணையிலும் கேட்ட பேச்சையே அவர் ஒலிபெருக்கியின் முன்னும் பேசினார்.

வானொலியின் வன்மையை இலேசாக எண்ணலாகாது. 1960களில், திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்புக்களைக் கேட்டுத் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பெருக விதைத்தனர்; அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். குரல் ஒன்று வயலிலே பயிராக விளைந்தது! அவ்வழியில் வந்தவரே தென்கச்சியார்.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். எனினும் அவர் பேச்சுக்கள் நம்மிடம் உள. எதனால்? அவை தொகுக்கப்பெற்றுப் பல பகுதிகளாக அச்சேறின, அதனால் உள. அச்சேறாத எத்தனையோ வானொலியாளரின் பேச்சு, ஒலித்த அன்றே ஒழிந்தது.

இனி, என் தந்தையாரைப் பற்றிச் சொல்லுவேன். அவர் இந்திய இராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவிற் சேர்ந்து, ஜபல்பூரிற் பயிற்சி பெற்று, 1971ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் வயர்லெஸ் கருவியின் முன் அமர்ந்து பணிபுரிந்தவர். வந்த செய்தியை ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் திருப்பிச் சொல்லுதல் அவர்தம் தொழில். அதனாலோ என்னவோ, வீட்டிலும் அளந்தே பேசுவார். போரைப் பற்றி நாங்கள் கேட்டால், “கடமையைச் செய்தோம்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அவர் வாயைத் திறப்பித்தவர் தென்கச்சியாரே! இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று இந்நகரியத்தில் வேலைக்கு அமர்ந்தபின், இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பினால், காலைப் பேச்சைக் கேளாமல் உறங்கச் செல்லமாட்டார். “இவர் ஒரு சொல்லையும் வீணாக்குவதில்லை” என்பார். எங்கள் தந்தையார் வழங்கிய பாராட்டுக்களுள் அதனினும் பெரியது யான் கேட்டதில்லை. பேச்சு முடிந்ததும், அதில் வந்த ஏதேனும் ஒன்று அவர் நினைவைத் தட்டி எழுப்பும். பனிக்காலத்து இரவுக்காவல், ஒரே ரொட்டியை நால்வர் பகிர்ந்தது, பாஷை தெரியாத தோழனொருவன் தமிழிற் பத்துச் சொற்கள் கற்றது என ஒவ்வொன்றாக வெளிவரும். அவற்றை யான் பள்ளி நோட்டுப் புத்தகமொன்றில் எழுதிவந்தேன். அது 80 பக்கம் ஆயிற்று.

அந்த 80 பக்கங்களுள் போரைப் பற்றியவை சிலவே. பெரும்பகுதி அவர் பிறந்த ஊரைப் பற்றியது. அன்பர்களே, அவ்வூர் இன்று நிலத்தின்மேல் இல்லை. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் இங்குச் சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார்கள். நம் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம்; மேல்மண் முழுவதையும் அகற்றினாலன்றி நிலக்கரி கிட்டாது. ஆதலின் மேலிருந்த வீடும் கிணறும் வரப்பும் எஞ்சா. அக்கரியால் நாடு ஒளி பெற்றது. நாமும் சோறு பெற்றோம். ஆயினும், என் மக்களை அழைத்துச்சென்று, “இது உங்கள் பாட்டனார் பிறந்த வீடு” என்று சுட்டிக்காட்ட என்னால் இயலாது. அவ்வூர் வயல்களின் பெயர்கள் மட்டும் 11, அந்நோட்டுப் புத்தகத்தில் உள. அவ்வூர் இன்று வாழ்வது அங்கு மட்டுமே.

இந்நிலை என் குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. இங்கு அமர்ந்திருப்போருட் பலர்க்கும் உரியது. வள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் தந்தை மகற்குச் செய்யவேண்டுவதனையும், மகன் தந்தைக்குச் செய்யவேண்டுவதனையும் ஒருங்கே வைத்தார். ஆண்டுதோறும் திதி கொடுத்தலோடும், படத்திற்கு மாலையிடுதலோடும் அக்கைம்மாறு முடிந்துவிடுமோ?

ஆதலின் உங்களை வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் இல்லத்து முதியோர் பேசும்போது அருகில் அமருங்கள். கைப்பேசியிற் குரலைப் பதிவு செய்யுங்கள். அத்துடன் அமையாது, ஆண்டும் ஊரும் பெயரும் பிழையின்றி ஏட்டில் எழுதுங்கள். இராணுவத்தில் இருந்தோரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், பழைய கடிதங்களையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தாய்மார்களிடமும் கேளுங்கள், கணவர் எல்லையிலிருந்த காலத்தில் குடும்பத்தைத் தாங்கிய வரலாறு அவர்களிடமே உண்டு. மாதந்தோறும் ஒரு முதியவரின் வரலாற்றை நம் பத்திரிகையில் இரண்டு பக்க அளவில் வெளியிடுமாறு நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்ளுகிறேன். முதல் மாதத்திற்கு என் தந்தையாரின் ஏட்டினின்று எழுதித்தர யான் ஆயத்தமாக உள்ளேன். இரண்டாம் மாதத்திற்கு உரியவர் இச்சபையிலேயே இருக்கிறார் என்று நம்புகிறேன்.