மலிவு விலை மைட்டர் சாவிலும் மூலை சேரும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், ஆசாரி அல்ல. கணக்கு பார்த்தவன் என்ற முறையில் பேசுகிறேன். கொசுவலைச் சட்டம், போட்டோ பிரேம் செய்ய நம்மில் சிலர் விலை குறைந்த மைட்டர் சா வாங்கியிருக்கிறீர்கள். மூலை சேரவில்லை என்று அதைப் பரணில் போட வேண்டாம்.

ஒரு சட்டத்துக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரிக்கு அரை டிகிரி குறைந்தால் மொத்தம் 4 டிகிரி. 60 மி.மீ. அகலக் கட்டையில் மூன்று மூலையை இறுக்கி ஒட்டினால், நாலாவது மூலை சுமார் 6 மி.மீ. வாய் பிளக்கும்.

ஒரு துண்டை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் திருப்பி வெட்டினால் 44.5-ம் 45.5-ம் சேர்ந்து 90 ஆகிவிடும். ஆனால் ஒரு வெட்டுமுகம் மற்றதைவிட ஒன்றரை மி.மீ. நீளமாக இருக்கும். கணக்குப் பதிவியலில் இதற்கு ஈடுசெய் பிழை என்று பெயர். இருப்பாய்வு டேலி ஆகும், தப்பு உள்ளேயே இருக்கும். எனவே பிழையை மூலத்திலேயே திருத்த வேண்டும்.

முதலில், மெஷினை 90 டிகிரியில் வைத்து, இரண்டு ஓரமும் நேரான பலகையை வெட்டுங்கள். ஒரு பாதியைத் தலைகீழாகப் புரட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்துப் பாருங்கள். தெரியும் இடைவெளி உண்மைப் பிழையைப் போல் இரண்டு மடங்கு. பிளக்கைக் கழற்றிவிட்டு, கட்டை சாயும் பின்தடுப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூலைமட்டத்தைப் பிளேடின் உடம்பில் வைத்துச் சரிசெய்து இறுக்குங்கள். பல்லில் வைத்தால் அளவு தவறும். பிளேடு மேடைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, மலிவு மெஷினின் பின்தடுப்பு பல சமயம் நேராக இருக்காது. அதில் உள்ள ஓட்டைகள் வழியாகப் பின்னாலிருந்து திருகி, 18 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றைப் பொருத்துங்கள். பள்ளமான இடத்தில் விசிட்டிங் கார்டு துண்டு வைத்து நேராக்கலாம். முதல் வெட்டில் பிளைவுட்டில் விழும் காடி பிளேடின் அகலமே இருப்பதால் கட்டை பிசிறாது. திருகு பிளேடின் பாதையில் வரக் கூடாது. பிளேடு மூடி தடையின்றி அசைய வேண்டும்.

மூன்றாவது, பிளேடு. 24 பல் பிளேடு கரடுமுரடாக வெட்டும். 10 அங்குல மெஷினுக்கு 60 அல்லது 80 பல் பிளேடு வாங்குங்கள். நடு ஓட்டை 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். பிளேடில் அச்சிட்ட வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையக் கூடாது.

நாலாவது, நீளம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் கோணம் சரியாக இருந்தும் சட்டம் மூடாது. டேப்பால் அளந்து வெட்டாமல், பிளைவுட் பட்டையில் ஒரு தடுப்புக் கட்டையைக் கிளாம்ப் செய்து, அதில் முட்ட வைத்து வெட்டுங்கள். அந்தப் பக்கத் துண்டைத்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பிளேடு தூக்கி எறியும்.

இனி மரம். குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும்போது, காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பச்சையாக வாங்கி உடனே வெட்டாதீர்கள். எந்த மரமும் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அதனால் இன்று சேர்ந்த மூலை பிறகு உட்பக்கம் திறக்கும். நன்றாகக் காய்ந்த மரமே வேண்டும்.

கடைசியாக, விரல் போனால் எந்தச் சட்டமும் ஈடாகாது. மூடியைக் கழற்றவே கூடாது. கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பிளேடு நின்ற பிறகே தலையைத் தூக்குங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் அவசியம். 1,800 வாட் மெஷின் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருந்தால், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெஷினைப் போடுங்கள்.

என்னிடம் நல்ல மூலைமட்டம் ஒன்று இருக்கிறது. தேவைப்படுபவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், வட்டி கிடையாது.