எலும்பு சூப்பும் நம் வீட்டுப் பெண்களும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். "உனக்குத் தெரிஞ்ச சமையல் ஒண்ணைப் பத்திப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. எனக்கு நல்லா வருவது ஆட்டுக்கால் சூப்பு. அதை எப்படி வைக்கிறதுன்னு சொல்றேன். அதோட, அந்த சூப்பை நம்பி நான் ஏமாந்த கதையையும் சொல்றேன்.

ஆரணியைச் சுத்தி இருக்கிற நம்ம ஊர்கள்ல தறி சத்தம் கேட்காத தெரு குறைவு. குழித்தறியில் நெய்யறவங்க காலைத் தொங்கவிட்டு நாள் பூரா மிதிக்கணும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முட்டியும் இடுப்பும் பிடிச்சுக்கும். அதனால நம்ம வீடுகள்ல ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கால் வாங்கினா, "தறியில உக்கார்றவருக்கு முதல்ல ஊத்து" என்பாங்க. பிள்ளை பெத்தவளுக்கும் கால் சூப்பு கொடுப்பாங்க. காய்ச்சல்ல கிடந்து எழுந்தவங்களுக்கும் அதுதான். இது நம்ம பாட்டி காலத்துப் பழக்கம், நல்ல பழக்கம்தான்.

முதல்ல செய்முறை. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு நாலு கால் போதும். கறிக்கடையிலேயே நெருப்புல வாட்டி, முடி சுரண்டி, குளம்பு எடுத்து, துண்டு போட்டுத் தரச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தூள் போட்டு வெந்நீர்ல ரெண்டு மூணு தடவை தேய்ச்சுக் கழுவணும். பிறகு கால் மூழ்கத் தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். இதைச் செய்தா கவிச்சி வாடை வராது.

அப்புறம் குக்கர்ல காலைப் போட்டு ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்தணும். பாதி குக்கருக்கு மேல தண்ணி வரக் கூடாது, நுரை பொங்கி விசில் ஓட்டையை அடைச்சுக்கும். மூடாமலே ஒரு கொதி விட்டு, மேல வர்ற நுரையைக் கரண்டியால எடுத்துடுங்க. தட்டின சின்ன வெங்காயம் பதினஞ்சு, பூண்டு பத்துப் பல், ஒரு துண்டு இஞ்சி, தக்காளி ரெண்டு, அரை ஸ்பூன் மஞ்சள் தூள் போடுங்க. மூடி, ஒரு விசில் வந்ததும் அடுப்பைக் குறைச்சு முக்கால் மணி நேரம் விடணும். விறகு அடுப்புல சட்டியில வைக்கிறவங்களுக்கு மூணு நாலு மணி நேரம் ஆகும். ஆவி தானா அடங்கின பிறகுதான் குக்கரைத் திறக்கணும்.

மிளகு ரெண்டு ஸ்பூன், சீரகம் ரெண்டு ஸ்பூன், மல்லி விதை ஒரு பெரிய ஸ்பூன் எடுத்து வெறும் வாணலியில வறுத்துப் பொடி பண்ணிப் போட்டு, பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க. உப்பு கடைசியிலதான். தண்ணி சுண்டுற வரைக்கும் உப்பு எவ்வளவு வேணும்னு தெரியாது. கறிவேப்பிலை, கொத்தமல்லி தூவி இறக்கிடலாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது வடிகட்டிக் கொடுங்க, எலும்புச் சில்லு தொண்டையில மாட்டிக்கும். மிச்சம் இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு நாளைக்குள்ள நல்லா கொதிக்க வச்சுக் குடிச்சு முடிச்சுடணும்.

ஃப்ரிட்ஜ்ல வச்ச சூப்பு மறுநாள் கட்டியா ஆடும், பாத்திருப்பீங்க. அதுதான் ஜெலட்டின். தோல், நரம்பு, மூட்டுச் சவ்வுல இருக்கிறது வெந்து தண்ணியில இறங்கி அப்படி ஆகுது. மேல வெள்ளையா படியறது கொழுப்பு. கொழுப்பு ஆகாதவங்க அதை எடுத்துட்டுச் சூடு பண்ணிக்கலாம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். சின்னவன் பிறந்தப்போ எங்க அத்தை வாரம் ரெண்டு தடவை கால் சூப்பு வச்சுக் கொடுத்தாங்க. "குடிம்மா, ரத்தம் ஊறும்" என்பாங்க. அவங்க அன்புல குறையே சொல்ல முடியாது. தாரு சுத்துறதை விட்டுட்டு எனக்காக அடுப்புகிட்ட நிப்பாங்க. நானும் குடிச்சேன். ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். குடத்தை இடுப்புல வச்சா கண்ணு இருட்டும். பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்னு ஆறு மாசம் ஓட்டிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை அட்டை அப்படியே அலமாரியில இருந்துச்சு. சூப்புதான் குடிக்கிறோமே, மாத்திரை எதுக்குன்னு நினைச்சேன்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன அன்னைக்கு நர்சம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பாத்தாங்க. உடனே ரத்தம் எடுத்தாங்க. 8.2 இருந்தது. நம்ம மாதிரிப் பெண்களுக்கு 12 இருக்கணும், கர்ப்பமா இருந்தா 11க்குக் குறையக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் சண்டைக்குப் போற மாதிரி, "வாரம் ரெண்டு தடவை ஆட்டுக்கால் சூப்பு குடிக்கிறேன் சிஸ்டர்" என்றேன். அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "சாறு நீ குடிக்கிற. கறி யார் சாப்பிடறாங்க?"

எனக்குப் பதில் வரல. கறியும் ஈரலும் வீட்டுக்காரருக்கும் மாமாவுக்கும் போகும். அப்புறம் பிள்ளைங்களுக்கு. கடைசியில சட்டியில நிக்கிற சாறுல சோத்தைப் பிசைஞ்சு நானும் அத்தையும் சாப்பிடுவோம். யாரும் எங்களை வேண்டாம்னு சொல்லல. நாங்களாத்தான் அப்படிப் போட்டுப் பழகிட்டோம்.

ரத்தம் ஊற இரும்புச் சத்து வேணும். அது கறியில, ஈரல்ல, முக்கியமா சுவரொட்டியில இருக்கு. எலும்பை வேக வச்ச தண்ணியில ரொம்பக் கொஞ்சம்தான் இறங்கும். எலும்பு வலுவுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அப்படித்தான். இதுக்குப் படிச்சவங்க யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். முக்கால் மணி நேரம் குக்கர்ல வெந்த எலும்பை எடுத்துத் தட்டிப் பாருங்க, கல்லு மாதிரி அப்படியே இருக்கும். அதுல இருக்கிற சுண்ணாம்பு அதுலயேதான் இருக்கு. ஒரு டம்ளர் பால்ல சுமார் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கு. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. ஒரு டம்ளர் சூப்புல பால்ல இருக்கிறதுல பத்துல ஒரு பங்கு இருந்தாலே அதிகம்.

என் பெரிய பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. நான் இதைப் பேசப் போறேன்னு தெரிஞ்சதும் புத்தகத்துல தேடிப் படிச்சுக் காட்டினா. நாம வச்சிருக்கிற குக்கருக்கு முன்னோடியை 1679ல் லண்டன்ல செஞ்சு காட்டினவர் டெனிஸ் பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர். அவர் அதைச் செஞ்சதே எலும்பை வேக வச்சு மெத்துனு ஆக்கத்தானாம். அப்புறம் பாரிஸ்ல ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் கறிக்குப் பதிலா எலும்பு ஜெலட்டின்ல சூப்பு வச்சுக் கொடுத்திருக்காங்க. அது போதுமான்னு பெரிய சண்டை வந்து, மஜாந்தி என்கிற மருத்துவர் தலைமையில ஒரு குழு நாய்களுக்கு ஜெலட்டினைக் கொடுத்துப் பாத்தது. 1841ல் அறிக்கை வந்தது. ஜெலட்டினை மட்டும் கொடுத்து உயிரைக் காப்பாத்த முடியாது என்பதுதான் முடிவு. அதைக் கேட்டப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கறி ஒருத்தருக்கு, எலும்புத் தண்ணி ஏழைக்கு என்பது நம்ம வீட்டுல மட்டும் நடந்தது இல்லை.

அப்போ சூப்பு வேண்டாமா? வேணும். சூடா மிளகு சூப்பு குடிச்சா பசி எடுக்கும். காய்ச்சல்காரருக்குத் தண்ணியும் உப்பும் உள்ள போகும். பல்லு போன பெரியவங்களுக்கு வாய்க்கு ருசியா இருக்கும். காலோட ஒட்டி இருக்கிற தோலையும் நரம்பையும் மென்னு சாப்பிட்டா கொஞ்சம் புரதமும் கிடைக்கும். ஆனா முட்டியில தேஞ்சது சூப்பு குடிச்சா வளர்ந்துடாது. ஜெலட்டினும் பருப்பு, முட்டை மாதிரி வயித்துல செரிச்சுத்தான் உடம்புல சேரும். நேரா முட்டிக்குப் போய் ஒட்டிக்காது. முட்டி வலிக்கு டாக்டரைப் பாருங்க. தறியில இருந்து மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடங்க.

சிலருக்கு இது ஆகவும் ஆகாது. எங்க மாமாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாக்கூட வலிக்கும். நாங்க இன்னும் ரெண்டு டம்ளர் சூப்பு சேர்த்துக் கொடுத்தோம். டாக்டர் ரத்தம் பாத்து யூரிக் அமிலம் கூடி இருக்குன்னு சொல்லி, சூப்பையும் ஈரலையும் நிறுத்தச் சொன்னார். கறி, எலும்பு வெந்த தண்ணியில அந்த அமிலத்தைக் கூட்டுற பொருள் இறங்குமாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம குடிக்கக் கூடாது. ரத்தக் கொதிப்பு இருக்கிறவங்க உப்பைக் குறைச்சுக்கணும். ஆறு மாசம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், சூப்பு ஒரு சொட்டு கூட வேண்டாம்.

அன்னைக்கு நர்சம்மா சொன்னபடி மாத்திரையை ஒரு நாள் விடாம எடுத்தேன். மாத்திரை போட்டா மலம் கறுப்பா போகும், வயிறு கொஞ்சம் பிசையும். பயந்து நிறுத்தாதீங்க. மாத்திரை போட்ட உடனேயும் சாப்பிட்ட உடனேயும் டீ குடிக்காதீங்க, டீ இரும்புச் சத்தை உடம்புல சேர விடாது. எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் சேர்த்துக்கிட்டா நல்லா சேரும். நாலு மாசத்துல எனக்கு 11.4 ஆச்சு. குடத்தைத் தூக்கிட்டு நிக்காம வீடு வந்து சேர்ந்தப்போதான், முன்னாடி எனக்கு எவ்வளவு முடியாம இருந்ததுன்னே தெரிஞ்சது.

நம்ம குழுக்கள்ல கறி சாப்பிடாத அக்காக்களும் இருக்காங்க. நயினார் வீடுகள்ல கறி தொட மாட்டாங்க. அவங்களுக்குப் பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை இருக்கு. முருங்கைக்கீரையில மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப்பு வைக்கலாம். கீரையை வடிகட்டி எறியாம சேர்த்துச் சாப்பிடணும். அங்கேயும் அதே விஷயம்தான்: சாறு மட்டும் போதாது.

எங்க வீட்டுல இப்ப ஒரு சின்ன மாத்தம். ஞாயித்துக்கிழமை சட்டியை இறக்கினதும் ஏழு தட்டும் ஒண்ணா வைப்பேன். எல்லாத் தட்டுலயும் கறி போட்ட பிறகுதான் சாறு ஊத்துவேன். முதல் நாள் எங்க அத்தை, "எனக்கு எதுக்கும்மா கறி, அவங்களுக்குப் போடு" என்றாங்க. "உங்களுக்கும் ரத்தம் வேணும் அத்தை" என்றேன். பேசாம சாப்பிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு, "இந்தச் சுவரொட்டியை நான் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு" என்றாங்க. அன்னைக்கு எனக்குத் தொண்டையை அடைச்சது.

நம்ம தமிழ்நாட்டுல பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு அரசாங்கத்துக் கணக்கே சொல்லுது. இந்தக் கூட்டத்துல ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைன்னு எண்ணிப் பாருங்க. நாம சேமிப்புக் கணக்கை ஒரு ரூபா தவறாம எழுதறோம். கடன் தவணை யார் கட்டலைன்னு உடனே தெரிஞ்சுடுது. நம்ம ரத்தக் கணக்கு மட்டும் நமக்குத் தெரியாது.

அதனால கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். வர்ற மாசம் ஒவ்வொரு குழுவும் ஒரு நாள் குறிச்சு, எல்லாரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பாத்துட்டு வருவோம். யாருக்கு எவ்வளவுன்னு ஊருக்குச் சொல்ல வேண்டாம். பாத்தாச்சா, பாக்கலையான்னு மட்டும் தீர்மான நோட்டுல எழுதினா போதும். பாக்காதவங்களை அடுத்த மாசம் நாமளே கூட்டிட்டுப் போவோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை சூப்பு வைங்க. நல்லா வைங்க. உங்க தட்டுலயும் கறி போட்டுட்டு உக்காருங்க.