சில்லறையில் கிடக்கும் சரித்திரம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மீதிக் காசை எண்ணி வாங்குகிறவர்கள் உண்டு. எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. நான் அதை வாசிக்கிறவன். கொஸ்லந்தைக் கடைவீதியிலும் சரி, பண்டாரவளை பஸ்ஸிலும் சரி, கைக்கு வந்த சில்லறையைப் புரட்டி ஆண்டைப் பார்ப்பது என் பழக்கம். பக்கத்தில் இருப்பவர், காசு செல்லுமோ செல்லாதோ என்று இவர் சந்தேகப்படுகிறார் போலும் என நினைப்பார். அந்தக் காசு என்ன சொல்லும் என்பதுதான் என் கவலை.

அரிய நாணயங்களைத் தேடும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். "பாட்டி காலத்துச் சல்லி ஒன்று இருக்கிறது. எவ்வளவு போகும்?" பழையது என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் காசும் விலை போவதில்லை. எத்தனை அடித்தார்கள், அவற்றில் எத்தனை எஞ்சியிருக்கின்றன, எஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன. இலட்சக்கணக்கில் அடித்து, தேய்ந்து மழுங்கிப்போன விக்டோரியா காலத்துச் சதம் சொற்ப விலைக்கே போகும். குறைவாக அடித்து, கை படாமல் இருந்த நேற்றைய காசு அதைவிட அதிகம் பெறலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய செப்புக்காசு கிடைத்தவுடன் நம்மவர்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடுகிறார்கள். செம்பின் மேல் காலம் பூசிய அந்தக் கபில நிறம்தான் அதன் மதிப்பு. தேய்த்தால் மதிப்பும் போகும், எழுத்தும் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எளிதான வழி ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு பொறித்த 10 ரூபா நாணயங்களை மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் 25 விதமாக வெளியிட்டது. செலவு அதிகமில்லை. சில்லறையில் வருகிறதை ஒதுக்கி வைத்தால் போதும். பதுளை கிடைத்து முல்லைத்தீவு கிடைக்காமல் தவிக்கும் ஒரு சிறுவன், நாட்டின் படத்தைக் கையாலேயே படித்துவிடுவான்.

ஆனால் நமது மலையகத்தில் தேட வேண்டிய இடம் சட்டைப்பை மாத்திரமல்ல. லயத்துக் காம்பிராவில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். சாமித்தட்டில் திருநீற்றோடு கிடக்கும் காசு இருக்கும். சந்தைக்குப் போன சில்லறை செலவாகி விடுகிறது. சாமிக்கு முடிந்து வைத்தது தங்கி விடுகிறது. அந்தத் தட்டில் 1870 என்று பொறித்த செப்புக்காசு கிடந்தால் கையிலெடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் தாளிப்பனை ஒன்று. அதற்கு இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் அதன் பெறுமதி. ரூபா, சதக் கணக்கு இந்நாட்டில் 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பவுண், ஷிலிங், பென்ஸ். பென்ஸ் ஒழிந்து பல காலம் ஆன பின்னும், ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு என்று கங்காணி பெற்ற கொடுப்பனவுக்குத் தோட்டத்தில் 'பென்ஸ் காசு' என்றே பெயர் இருந்தது. நாணயம் மாறினாலும் சொல் மாறவில்லை.

அதற்கும் முந்தியது கோப்பிக் காலம். சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பு வர்த்தகக் கம்பெனிகள் தாமாகவே செப்பு வில்லைகள் அடித்துக் கோப்பி ஆலைகளில் கூலியாகக் கொடுத்தன. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனியின் வேகந்தை ஆலைப் பெயரும் 1843 என்ற ஆண்டும் பொறித்த வில்லை, இன்று சேகரிப்போர் ஆவலோடு தேடும் பொருள். அடித்தவர் பெயர் அதில் இருக்கிறது. அதை உழைத்து வாங்கியவர் பெயர் எங்கும் இல்லை.

இன்னொரு தகரத் துண்டும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு, எழுத்தும் இலக்கமும் குத்திய தகர டிக்கட் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அந்த இலக்கம் சொன்னது. அது நாணயமல்ல. ஆயினும் ஒரு மனிதரைக் காசைப்போலக் கைமாற்றிய காலத்தின் முத்திரை அதில் விழுந்திருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் நாட்சம்பளம் நிர்ணயமாயிற்று. உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநிலைத் தோட்டங்களில் 52, 41, 31. இரண்டிலும் கழித்துப் பாருங்கள்: ஆணின் நாளுக்கும் பெண்ணின் நாளுக்கும் வித்தியாசம் 11 சதம். அதாவது ஒரு பத்துச் சத வெள்ளிக்காசும் ஒரு செப்புச் சதமும். அந்த வெள்ளியும் முழு வெள்ளியல்ல. 1919 முதல் அதில் பாதிக்குச் சற்றே கூடிய பங்குதான் வெள்ளி. அரிசிக் காசும் கடனும் கழித்து மாத முடிவில் கைக்கு வந்ததோ இன்னும் கொஞ்சம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தலை பொறித்த பத்துச் சதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. விலைப் பட்டியலில் அதற்குப் பெரிய இடமில்லை. ஒரு கொழுந்துக்காரிக்குத் தினமும் குறைந்துபோன காசு அது என்பதால் நான் அதை யாருக்கும் விற்பதாயில்லை.

யுத்தம் வந்தது. உலோகத்துக்குப் பஞ்சம். 1942இல் ஐந்து சதத்துக்குக் கடதாசி நோட்டு வந்தது. நடுவில் முத்திரைத் தாளைப் போலத் துளையிட்டிருப்பார்கள். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். கிழியாமல் தப்பியது கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

இனி அண்மைக் காலத்து இரண்டு நாணயங்கள். இரண்டும் விசேஷ அபூர்வம் அல்ல, தேடினால் அகப்படும். ஒன்று, சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடி 1981இல் வெளிவந்த 5 ரூபா. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர் எழுவரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். தலவாக்கலையிலிருந்து சென்றவர் நமது எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948இல் பிரஜாவுரிமை போயிற்று. 1949இல் வாக்கும் போயிற்று. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். ஆகவே 1981இல் அந்த 5 ரூபாவைக் கூலியின் மிச்சமாக வாங்கிய கைகளில் எத்தனை கைகள் வாக்குச்சீட்டைத் தொட உரிமையற்ற கைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றது, வீடற்றோருக்கு உறைவிடம் அளிக்கும் சர்வதேச ஆண்டின் நினைவாக 1987இல் வந்த 10 ரூபா. 'வீடற்றவன்' என்று தன் நாவலுக்குப் பெயர் வைத்தவரும் அதே வேலுப்பிள்ளைதான். எழுத்தாளர் ஒரு சொல்லில் பிடித்ததை அரசாங்கம் ஒரு நாணயத்தில் அடித்திருக்கிறது. லயமோ அப்படியே நின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது அந்த லயங்களும், அவற்றில் வாழ்ந்த நம்மவர்களும் மண்ணுக்குள் போனார்கள். உயிர் போன இடத்தில் காசைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். காசுக்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒரு லயம் புதையும்போது அதிலுள்ள தகரப்பெட்டியும் புதைகிறது. துண்டுச்சீட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், முடிந்து வைத்த நாலு சல்லி ஆகிய அத்தனையும் புதைகின்றன. எழுதி வைக்கப்படாத ஒரு சமூகத்துக்கு அந்தப் பெட்டிதான் சுவடிக்கூடம்.

மண் மூடாத பெட்டிகளையும் நாமே காலி செய்கிறோம். பழைய இரும்பு, பித்தளை வாங்க வருகிறவர் தராசில் செப்புக்காசையும் கொட்டி நிறையில் விற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்பு எரிய வேண்டும். ஆனால் விற்பதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். காசைத் தேய்க்காமல் ஆண்டைப் பாருங்கள். சிறு கடதாசியில் மடித்து, மேலே எழுதுங்கள்: யாருடைய காசு, எந்தத் தோட்டம், எப்படி வீட்டுக்கு வந்தது. வீட்டில் கிழவியொருத்தி இருந்தால் அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

நாட்டின் நாணயங்களைக் காண விரும்புவோர் கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் போகலாம். அங்கே காசு கண்ணாடிக்குள் இருக்கும். எந்த ஆண்டு, எந்த உலோகம் என்ற விபரமும் இருக்கும். அதைச் சம்பாதித்தவள் எத்தனை மணிக்கு மலையேறினாள் என்பது உங்கள் வீட்டுக் கடதாசியில்தான் இருக்க முடியும். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் காசு வெறும் செம்பு. இருந்தால், நேயர்களே, அதற்கு விலை சொல்ல எந்த வியாபாரியாலும் ஆகாது.