நிறத்துக்குப் பெயர் வைத்தவர் யார்?



சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் மூல நிறங்கள் என்று சாயம் கலப்பவர்கள் சொல்லுகிறார்கள். இவைகளுக்குச் சீனர், ஜப்பானியர், கொரியர் வைத்திருக்கும் பெயர்களைப் பற்றி இன்று பேச நினைக்கிறோம். இதனால் நமக்கென்ன லாபம் என்பீர்கள். முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

சீன பாஷையில் சிவப்பு "ஹொங்", மஞ்சள் "ஹுவாங்", நீலம் "லான்". ஜப்பானில் "அகா", "கீ", "அவோ". கொரியாவில் "பல்காங்", "நொராங்", "பாராங்".

இதில் வேடிக்கை நீலத்தில்தான் இருக்கிறது. "லான்" என்பது ஆதியில் நீலச்சாயம் தரும் ஒரு செடியின் பெயர். பழைய சீனத்தில் நீலம், பச்சை இரண்டுக்கும் "சிங்" என்னும் ஒரு சொல் வழங்கிற்று. ஜப்பானியர் இன்றும் பச்சை ஆப்பிளையும், தெருவில் வண்டிகளைப் போகவிடும் பச்சை விளக்கையும் "அவோ" என்றே சொல்லுகிறார்கள். பச்சைக்கு "மிதோரி" என்ற தனிச்சொல் இருந்தும் அப்படி! கொரியரோ வானத்துக்கும் புல்லுக்கும் "புருதா" என்ற ஒரே சொல்லை வழங்குகிறார்கள்.

அவர்களுக்குக் கண் தெரியாதா? நன்றாய்த் தெரியும். மனிதர் கண்ணில் நிறமறியும் உறுப்புகள் சாதாரணமாக மூன்று வகை. அது எத்தேசத்தாருக்கும் ஒன்றே. ஒளியிலோ நீலம் இங்கே முடிந்தது, பச்சை இங்கே ஆரம்பம் என்று யாரும் வரப்புப் போட்டு வைக்கவில்லை. வரப்புப் போட்டவன் மனிதன். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என மூலப்பொருள் ஐந்து, ஆகையால் நிறமும் ஐந்து என்று சீனத்துப் பண்டிதர்கள் கட்டி வைத்ததும் இப்படிப்பட்ட வரப்புத்தானே!

சரி, மனிதன் வைத்த பெயர் மனிதனையே இழிவுபடுத்தினால்? தென் கொரியாவில் பிள்ளைகளின் வர்ணக் குச்சிகளில் ஒரு வெளிர் நிறத்துக்குச் "சால்செக்", அதாவது "தோல் நிறம்" என்று பெயர் போட்டிருந்தார்கள். அப்படியானால் கறுத்த தோல் தோலல்லவா? வெளிநாட்டுத் தொழிலாளரும் அவர்களுக்காகப் பரிந்தவர்களும் முறையிட்டார்கள். அது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2002இல் அந்நாட்டு மனித உரிமைக் கமிஷன் சொல்லிற்று. உடனே கடினமான சீன எழுத்துச் சொல் ஒன்றை வைத்தார்கள். எங்களுக்குப் புரியவில்லை என்று 2004இல் சிறு பிள்ளைகளே மனுக் கொடுத்தார்கள். 2005இல் ஆப்ரிகாட் பழத்தின் நிறம் என்று எளிய பெயர் வந்தது.

குடி முழுகிவிட்டதா? வர்ணக் குச்சி எழுதாமல் போயிற்றா? ஒன்றுமில்லை. ஆகவே தோழர்களே, பெயர் வைத்தவன் மனிதனானால், கெட்ட பெயரை மாற்றும் உரிமையும் அவனுக்கே உண்டு. யோசித்துப் பாருங்கள்.