சைக்கிளை விட்டு இறங்காத மனிதர்

ஒரு காவல் படைக்கு அரும்பொருளகம் அமைப்பது அப்படைக்கு மாலை சூட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை. அந்நகரில் யார் காக்கப்பட்டார்கள், யார் கண்காணிக்கப்பட்டார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே கூரையின் கீழ் விடை சொல்லும் பொறுப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் திரண்டிருக்கும் இவ்வவைக்குச் சிறு தொலைவில், கோலாலம்பூர் ஏரிப் பூங்காவை ஒட்டிய பெர்டானா சாலையில், அரச மலேசியக் காவல் படையின் அரும்பொருளகம் அமைந்திருக்கிறது. அதன் கூடங்களில் சீருடைகளும் பதக்கங்களும் கைப்பற்றப்பட்ட ஆயுதங்களும் வரிசையாக நிற்கின்றன. 1807ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று பினாங்குக்குக் கிடைத்த நீதிப் பட்டயம், அதாவது நீதிமன்றத்துக்கும் காவலுக்கும் சட்ட வடிவம் தந்த அரச ஆணை, இப்படையின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதால், அந்நாளே இன்றும் காவலர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ‘அரச’ என்னும் அடைமொழியோ 1958 ஜூலை 24 அன்று மாமன்னர் வழங்கியது.

மலாய் மக்கள் பழங்காலத்தில் காவலரை ‘மாத்தா மாத்தா’ என்று அழைத்தனர். ‘மாத்தா’ என்றால் கண். ஒற்றரை அரசனின் கண்ணாகக் கண்ட வள்ளுவரின் பிள்ளைகளுக்கு இச்சொல்லின் ஆழத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும், கண் என்று பெயர் பெற்ற ஒன்று எல்லாரையும் பார்க்க வேண்டும். எல்லாருக்காகவும் பார்க்க வேண்டும்.

சிலாங்கூர் காவல் படையின் தொட்டில் கிள்ளான். 1875இல் அதன் தலைமைக்கு வந்த எச். சி. சையர்ஸ், 1880இல் தலைநகர் கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தபோது அப்படையையும் உடன் கொண்டுவந்தார். மறு ஆண்டே தீயும் வெள்ளமும் நகரை அழிக்க, இனிச் செங்கல்லால்தான் கட்ட வேண்டும் என்று ஆணை பிறக்க, செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. இன்று மெர்டேக்கா சதுக்கம் எனப்படும் திடல் அக்காலத்தில் காவலர் அணிவகுப்புப் பயின்ற இடம். 1896இல் மலாய் மாநிலங்களின் கூட்டமைப்புக்கு முதல் காவல் ஆணையரான சையர்ஸ், அடுத்த ஆண்டே பகாங் காட்டில் வேட்டைக்குச் சென்று, காட்டெருது முட்டி உயிரிழந்தார். துப்பாக்கி ஏந்திய பேரதிகாரியைக் கொம்பு ஏந்திய காடு வீழ்த்திய அக்கதை இன்றும் நிலைத்திருக்கிறது. அதிகாரியின் பெயர் வரலாற்றில் தங்கிவிடுகிறது.

ஆனால் அந்தச் சைக்கிள்காரரின் பெயர் எங்கே? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், தோட்டத்துரை எதிரே வந்தால் தமிழ்த் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி, அவர் கடந்து போகும்வரை ஓரமாக நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பின்னால் திரண்ட தொழிலாளர், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று கேட்டபோது, சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதையும் அக்கோரிக்கைகளோடு சேர்த்தே வைத்தனர். கூலி வயிற்றுக்கானது, சைக்கிள் மானத்துக்கானது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காவலரோடு படையினரும் இறக்கப்பட்டனர். குறைந்தது ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தேர்தல் வரும்போது மட்டும் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு வழி தெரிந்து வந்து, தமிழர் பால்மரம் வெட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பதுபோல் முழங்கிவிட்டு, போட்ட மாலை வாடுமுன் புறப்பட்டுவிடுவோர் சிலர் உண்டு. அவர்களின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. இவ்வவை அவர்களை அறியும். பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று கேட்போரும் அவர்களே. ஆறிய புண்ணை எவரும் கிளறுவதில்லை. மருந்திடாமல் மூடிக் கட்டிய புண்ணையே திறந்து பார்க்கச் சொல்கிறது இந்தச் சமூகம். மரம் வெட்டிய அந்தக் கைகளே நாட்டின் முதல் பெரும் தோட்டப் போராட்டங்களில் ஒன்றையும் நடத்தின என்பதை அவர்கள் ஒருமுறையேனும் மேடையில் சொல்லியிருக்கலாமே!

இது காவலரைப் பழிக்கும் பேச்சன்று. 1950 பிப்ரவரி 23 அன்று ஜொகூரின் புக்கிட் கெப்போங் நிலையத்தைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சூழ்ந்தபோது, சார்ஜெண்ட் ஜமில் தலைமையில் சரணடைய மறுத்துப் போரிட்ட காவலரும், அவர்களோடு மாண்ட மனைவியரும் குழந்தைகளும் எந்த இனத்தவரின் வணக்கத்துக்கும் உரியவர்கள். அந்தக் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின் அவசரகாலத்தில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் இரவிரவாகக் காத்து நின்ற சிறப்புக் காவலர், அதாவது அக்காவலுக்கெனவே சேர்க்கப்பட்ட துணைப் படையினர், பல்லாயிரவர். லயன் வீட்டில் பிறந்த பிள்ளைகளும் பின்னாளில் காவலர் சீருடை அணிந்தனர். தந்தை அஞ்சிய நிலையத்துக்குள் மகன் கடமை ஏற்று நுழைந்தது இந்நாடு பெற்ற வளர்ச்சி.

அவ்வளர்ச்சியின் அளவு தெரிய வேண்டுமானால், புறப்பட்ட இடம் கண்ணில் பட வேண்டும். ஆதலால், சீருடைகளும் துப்பாக்கிகளும் நிற்கும் கூடத்தில் ஒரு பழைய சைக்கிளுக்கும் இடம் வேண்டும்: கைப்பிடி துருவேறியிருக்கட்டும், இருக்கைத் தோல் கிழிந்திருக்கட்டும், பின்னால் பால்வாளி கட்டிய கயிற்றின் தேய்மானமும் அப்படியே இருக்கட்டும். அதை ஓட்டியவரின் பெயரை எழுத முடியாது. ஊரையும் ஆண்டையும் எழுதலாம்: கிள்ளான், 1941. அதன்கீழ் மலாயிலும் தமிழிலும் ஒரே ஒரு வரி போதும்: இவர் இறங்கவில்லை.