பழுதுபட்ட வீடுகளும் முதியோரும்: நம் ஜமாஅத்தின் பொறுப்பு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. திருமண உதவி, கல்வி உதவி, மருத்துவ உதவி என மூன்று தலைப்புகளில் செலவுக் கணக்கைக் கேட்டோம். அல்ஹம்துலில்லாஹ். வீடு பழுதுபார்க்க உதவி என்றொரு தலைப்பு அதில் இல்லை. செயலாளரிடம் கேட்டேன். "யாரும் மனுக் கொடுக்கவில்லை" என்றார். அவர் கூறியது உண்மையே.

மகளின் திருமணத்திற்கு உதவி வேண்டும் தந்தை பள்ளிவாசல் படியேறி வந்துவிடுவார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று நாள்தோறும் அஞ்சும் எழுபது வயது உம்மா எந்த அலுவலகத்திற்கும் வரமாட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம்கூட, "நான் நன்றாக இருக்கிறேன் வாப்பா" என்றுதான் தொலைபேசியில் கூறுவார். நம் பள்ளியில் பின் வரிசையில் நாற்காலிகள் ஆண்டுதோறும் கூடி வருகின்றன. அந்த நாற்காலியில் அமர்ந்து தொழுபவர் தம் வீட்டுக் கழிப்பறையில் எவ்வாறு அமர்ந்து எழுகிறார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

நம் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. இரவில் இரண்டு படி இறங்கி, ஈரமான சிமெண்டுத் தரையில் நடந்து செல்ல வேண்டும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாம் வசூல் செய்து கொடுக்கிறோம். அந்த வசூலில் மிகச் சிறிய பங்கிருந்தால் அந்த வீட்டில் ஒரு பிடிகம்பி, ஒரு விளக்கு, வழுக்காத தரை ஆகியவற்றை முன்னரே அமைத்திருக்கலாம்.

பிடிகம்பி என்றதும் துண்டு போடும் கம்பியை மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. அதைப் பிடித்து எழ முயன்றால் கம்பியோடு சேர்ந்து விழ நேரும். உடல் எடையைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை, சுவரின் உறுதியைத் தட்டிப் பார்த்து, ஆங்கர் போல்ட்டு கொண்டு முடுக்க வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்து கிடப்பவர் கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்குச் செல்பவர் என்ன செய்வார்? வாசலில் சாய்தளம் அமைப்பதற்கும் ஒரு கணக்குண்டு. ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் தெருக்களில் அதற்கு இடமேது? செங்குத்தான சாய்தளம் படியைவிட ஆபத்தானது. அத்தகைய வீடுகளில் உயரமான படிக்கு இடையே ஓர் அரைப்படி கட்டி, பக்கத்தில் கைப்பிடி வைப்பதே பொருத்தம்.

கூரையைப் பொறுத்தவரை, ஓட்டு வீடாயின் உடைந்த ஓடுகளை மாற்றி, உளுத்த சட்டங்களை எடுத்தால் பெரும்பாலும் போதும். கான்கிரீட் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதன்மேல் சிமெண்டைப் பூசி மறைப்பது வீண் செலவு. துருவைச் சுரண்டி நீக்கி, கம்பியின் பருமன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று விவரமறிந்த பொறியாளர் பார்த்த பின்னரே பூச வேண்டும். ஒழுகும் வீட்டில் மின்கம்பிகளையும் சோதித்து, மின்கசிவுத் தடுப்புக் கருவி ஒன்றைப் பொருத்திவிடுவது உயிர் காக்கும்.

அரசு உதவி கிடைக்காதா என்று கேட்பீர்கள். 2000-2001ஆம் ஆண்டுக்கு முன்னர் அரசுத் திட்டங்களில் ஊரகப் பகுதிகளில் கட்டப்பட்டுப் பழுதடைந்த இரண்டரை லட்சம் வீடுகளைச் சீரமைக்க, 2024ஆம் ஆண்டு தமிழக அரசு 2000 கோடி ரூபாய் மதிப்பில் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டில் குடிசைவாசிகளுக்கான கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. இவை ஊராட்சிப் பகுதிகளுக்கு உரியவை. பேரூராட்சி எல்லைக்குள் இருப்போர் அங்கே சென்று அலைவதில் பயனில்லை. இப்போது எத்திட்டத்தில் மனுப் பெறப்படுகிறது என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிவதும், கிராம சபைக் கூட்டங்களில் நம்மவர் கலந்துகொள்வதும் அவசியம். நம்மில் பலர் அக்கூட்டங்களின் பக்கமே செல்வதில்லை என்பதை வருத்தத்துடன் கூறுகிறேன். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கைத்தடி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி முதலியன வழங்க 2017இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டமும் உண்டு. முதியோர் உதவிக்கான 14567 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

ஆயினும் நம் மஹல்லாவில் மனு பெரும்பாலும் ஆவணத்தில் நின்றுவிடுகிறது. பட்டா மறைந்த பாட்டனார் பெயரில் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் பெற்றிருக்கமாட்டார்கள். வக்ஃபு நிலத்தில் குடியிருப்போர் நிலை இன்னும் கடினம். நிலம் அவர்கள் பெயரில் இல்லாததால் பட்டா கேட்கும் திட்டங்களின் வாசல் அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. அந்த நிலத்தைப் பராமரிப்பவர்கள் நாம். அவர்களுக்கு முதலில் கைகொடுக்க வேண்டியவர்களும் நாமே.

பைத்துல் மாலிலிருந்து இதற்குச் செலவிடலாமா என்பதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டேன். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழையின் சொந்த வீடாயின், தொகையையோ பொருளையோ அவருக்கே உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். வாடகை வீட்டின் கூரையை ஜகாத்தில் மாற்றினால் பயன் வீட்டுக்காரருக்குச் சென்றுவிடும்; அங்கே ஸதகா நிதியைப் பயன்படுத்தலாம், வீட்டுக்காரரிடமும் பேசலாம். பிற சமய அண்டை வீட்டாருக்கும் ஸதகாவிலிருந்து உதவத் தடையில்லை. பெற்றோரின் வீட்டைச் செப்பனிட்டுவிட்டு அதை ஜகாத் கணக்கில் எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அது கூடாது. அது உங்கள் கடமை.

எனவே பொதுக்குழுவின் முன் என் கோரிக்கையை வைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டு முடிவதற்குள் தெருவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, தனித்து வாழும் முதியோர், விதவையர் வீடுகளுக்கு நாமே செல்ல வேண்டும். பெண் உறுப்பினர் இல்லாமல் குளியலறைக் குறையை எந்த உம்மாவும் வாய்திறந்து கூறமாட்டார். நம் மஹல்லாவில் கொத்தனார்களும் பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இலவச உழைப்பை எதிர்பார்க்காமல் நியாயமான கூலி கொடுப்போம். அவர்களும் அன்றாடம் உழைத்து உண்பவர்களே. மனமுவந்து அரைநாள் தருபவர் தரட்டும்.

உதவி பெற்றோரின் பெயர்களை அடுத்த ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டாம். எத்தனை வீடுகள், எவ்வளவு செலவு என்ற இரண்டு எண்கள் போதும். கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கட்டும். முதல் ஆண்டில் பத்து வீடுகளுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதைத் தீர்மானமாக ஏற்று, குழுவினரின் பெயர்களை இன்றே அறிவிக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.