சத்துணவுக்குக் கட்சி இல்லை

டீக்கடை பெஞ்சில் கட்சி பேசினால் சண்டை வராமல் இருக்காது. ஆனால் பள்ளிக்கூடத்துச் சத்துணவை நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள்.

1920-இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஏற்பாடு செய்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். அதை மாநிலம் முழுவதும் கொண்டுபோனவர் காங்கிரஸ்காரரான காமராஜர். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் மு.க.ஸ்டாலின் காலை உணவைச் சேர்த்தார்.

அந்தத் தட்டில் இருக்கும் முட்டையை மட்டும் பாருங்கள். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, படிப்படியாக வாரம் ஐந்தாக உயர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஜெயலலிதா ஆட்சியில் அது மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று ருசியும் சேர்ந்து வந்தது. தேர்தல் மேடையில் பரம எதிரிகளாக நின்றவர்களில் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் கைவிடவில்லை. நம் அரசியலில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இது.

பசி எல்லாருக்கும் தெரிந்ததால் இது சாத்தியமானது. குடிதண்ணீரும் ஏரியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அப்படி எல்லாருக்கும் பொதுதானே? அவற்றுக்கும் கட்சி பார்க்காமல் சேரலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளிச் சமையல்கூடத்துக் கூரை ஒழுகுகிறதா? எதிர்க்கட்சி நண்பரையும் கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுங்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட கையெழுத்தை எந்த அதிகாரியும் லேசாக ஒதுக்கிவிட முடியாது.